தவறான ‘வேண்டாம்’ ஒன்றுக்குச் சிவப்பு மிட்டாய்

அவைக்குத் தலைமை தாங்கி, கையில் மணியோடு, நான் எப்போது அளவு மீறுவேன் என்று அன்போடு காத்திருக்கும் ஊர்த்தலைவி பிலோமேனா அம்மையார் அவர்களே! திருப்பலி முடிந்த களைப்பையும் மறைத்துக்கொண்டு முன்வரிசையில் முகமலர்ந்து அமர்ந்திருக்கும் தந்தை பெரார்தோ அவர்களே! மண்ணைக் கிளறிக் கிளறி மலை போல் உறுதியான கைகளைக் கட்டிக்கொண்டு வீற்றிருக்கும் உருளைக்கிழங்கு விவசாயிகள் சங்கத்துப் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, ஆனால் பாதி மனதை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! சமவெளியில் நிற்கும் வெள்ளைத் தட்டுகளை வானத்தின் பக்கம் திருப்பிவைத்து, விண்கலங்களின் மெல்லிய குரலுக்குக் காது கொடுக்கும் நிலையத்துப் பொறியாளர்களே! இன்றோடு அந்த நிலையத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்று, நாளை முதல் எங்கள் கடைக்கு அவசரமில்லாமல் வந்து ரொட்டி வாங்கப்போகும் இன்ஜினியரம்மா லொரேத்தா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

ரொட்டிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றே பழகியவள் நான். கல்லா இல்லாமல் இத்தனை பேர் முன்னால் நிற்பது இதுவே முதல் முறை. என் குரல் நடுங்கினால், தயவுசெய்து ஒலிபெருக்கியைக் குறை சொல்லுங்கள்.

எனக்கு முன் பேசிய பெரியோர்கள் இன்ஜினியரம்மா வாங்கிய பதக்கங்களைப் பற்றிப் பேசினார்கள். பார்த்த நாடுகளைப் பற்றிப் பேசினார்கள். பறக்கவிட்ட கலங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் பேச வந்திருப்பது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. தாலாட்டு கேட்கும் வயதிலேயே நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட சொல். பிறகு பள்ளியிலும் பணியிடத்திலும் பயந்து பயந்து மறந்துபோன சொல். அந்தச் சொல், ‘வேண்டாம்!’

ஆம், ‘வேண்டாம்’தான். ஏன் பின்வரிசையில் சிரிப்பு? பான்ஃபிலோ அண்ணா, உங்கள் காபிக்கடைக் கதைக்கும் வருகிறேன். கொஞ்சம் பொறுங்கள்!

இன்ஜினியரம்மா இளம்பெண்ணாக வேறொரு ஊரில், வேறொரு நிலையத்தில் வேலை பார்த்த காலம் அது. ஒரு சின்னச் செயற்கைக்கோள். பூமியைப் படம் பிடிக்க அதற்கு ஒரு கண். அந்தக் கண்ணுக்கு ஒரு மூடி. குளிர் சோதனையின்போது அந்த மூடி ஒரு முறை சிக்கிக்கொண்டது. தட்டினார்கள், திறந்துவிட்டது. பார்த்தவர்கள் பலர். ஏவுவதற்கு முன் கூட்டம் நடந்தது. தலைவர் எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

“என்னைப் பொறுத்தவரை எல்லாம் சரியா இருக்கு. ஏவலாம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

பெரியோர்களே, இப்படிக் கேட்டால் யாருக்கு இருக்கும் ஆட்சேபணை? சாப்பாட்டு மேசையில் அப்பா, “சாஸ் பிரமாதம், யாராவது உப்பு கம்மின்னு சொல்லப்போறீங்களா?” என்று கேட்டால், எந்தப் பிள்ளை உப்பு கேட்கும்? எல்லோரும் தலையாட்டினார்கள். லொரேத்தாவும் தலையாட்டினார். செயற்கைக்கோள் மேலே போனது. மூடி சிக்கியது. கடலைக் காண வேண்டிய கண், காட்டைக் காண வேண்டிய கண், கடைசிவரை திறக்காமலே உலகைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அடுத்த நாள் நடைபாதையில் என்ன பேச்சு தெரியுமா?

“எனக்கு அப்பவே தெரியும்பா.”

“எனக்கும்தான். அந்த மூடி சரியில்லைன்னு அப்பவே தோணுச்சு.”

“தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கென்ன?” என்று கோபப்பட்டாராம் லொரேத்தா.

“நீ சொன்னியா?” என்றார்கள். அவரும் தலையாட்டியவர்தானே!

அன்று பிறந்தது ஒரு வழக்கம். தாம் தலைவியானதும் அதை அவர் அறையின் சட்டமாக்கினார். பெரிய கட்டளை எதையும் விண்கலத்துக்கு அனுப்பும் முன், ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். ‘போகலாம்’ அல்லது ‘வேண்டாம்’, இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா நிலையங்களிலும் நடப்பதுதான் இது. ஆனால் இங்கே முதலில் கேட்பது யாரை? அறையிலேயே புதியவரை! கடைசியில் வாய் திறப்பது யார்? தலைவி!

ரோமிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் இதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, நண்டு சிண்டையெல்லாம் முதல்ல கேக்கறீங்க?” என்றாராம்.

“பெரியவங்க முதல்ல வாயைத் திறந்தா, சின்னவங்க வாய் தானா மூடிக்கும் ஐயா” என்றார் நம் லொரேத்தா.

கைதட்டுங்கள்! அந்த ஐயாவுக்கு அல்ல, அம்மாவுக்கு!

இப்போது லுப்பெத்தாவுக்கு வருகிறேன். நம் மலை ஓநாயின் பெயரைச் சுமந்த நம் ஓநாய்க்குட்டி! ஒரு விண்கல்லைத் தேடிப் போன விண்கலம். கல்லுக்குப் பக்கத்தில் போனதும் என்ஜினில் எரிபொருளை எரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கல்லைச் சுற்றி வரலாம். குறைக்காவிட்டால் கல்லைக் கடந்து கண்காணாத இருட்டுக்குள் போய்விடும். அதற்கு இரண்டே வாய்ப்புகள். முதல் நாள் தவறினால், இரண்டு வாரம் கழித்து இன்னொரு நாள். அதுவும் தவறினால்? இன்ஜினியரம்மாவின் அத்தனை ஆண்டு உழைப்பும் அந்த இருட்டோடு இருட்டாகிவிடும்.

அந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? சதுக்கத்தில் திரை கட்டினோம். பாண்டு வாத்தியக்காரர்கள் புதுச் சட்டை போட்டார்கள். கம்பிகளில் கோத்த ஆட்டிறைச்சி கனலில் கமகமத்தது. திரையில் கட்டுப்பாட்டு அறை. இன்ஜினியரம்மாவுக்குப் பக்கத்தில் அதே ரோமாபுரிப் பெரிய மனிதர், கைதட்டுவதற்குக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

முதல் கேள்வி ஜெம்மாவுக்கு. நட்சத்திரங்களை வைத்துக் கலத்தின் திசையைக் கவனிக்கும் பெண், அறைக்குப் புதியவள். வாயைத் திறந்தால் வரி போடுவார்கள் என்று நினைப்பவள் போல் பேசுகிறவள்.

“திசை?”

“போகலாம்.”

அடுத்து நுன்சியோ, நம் அசுந்தா அக்காவின் மகன்.

“எரிபொருள்?”

நுன்சியோ தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சதுக்கமே மூச்சைப் பிடித்தது.

“எரிபொருள்? நுன்சியோ?”

“வேண்டாம்.”

அந்தப் பெரிய மனிதரின் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. நம் பாண்டுக்காரர் ஒருவர் பதற்றத்தில் எக்காளத்தை ஊதியும்விட்டார். சிரிக்காதீர்கள், அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்!

“என்ன பாக்கற?” என்றார் இன்ஜினியரம்மா.

“குழாய் அழுத்தம் இறங்குது. இறங்கக் கூடாத நேரத்துல இறங்குது.”

“உறுதியா, சந்தேகமா?”

“சந்தேகம்தான், இன்ஜினியரம்மா.”

“சந்தேகம் போதும். நிறுத்துங்க.”

அவ்வளவுதான்! ஒரே வார்த்தை! ஊர் பார்க்க, உலகம் பார்க்க, உயர்ந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நிறுத்தினார்!

சில நாளில் உண்மை தெரிந்தது. என்ன உண்மை? நுன்சியோ சொன்னதுதான் சரி என்றா? இல்லை! அங்கேதான் இந்தக் கதை மற்ற கதைகளிலிருந்து வேறுபடுகிறது. குழாயில் ஒரு கோளாறும் இல்லை. கலம் திரும்பியபோது அழுத்தமானியின் மேல் வெயில் பட்டு, அது பொய் சொல்லியிருக்கிறது. அன்றே எரித்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும். இனி இரண்டாம் நாளில் எரிக்கக் கூடுதல் எரிபொருள் வேண்டும். கல்லைச் சுற்றும் காலம் அதனால் பல மாதம் குறைந்துபோகும். அந்த ‘வேண்டாம்’ வீண். வெறும் வீண்!

பிறகு நம் ஊர் என்ன செய்தது? ஊரின் பெருமையைப் பேச வந்த நான் ஊரின் உண்மையையும் பேசத்தானே வேண்டும்? இந்த ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால், அது பேரன் கல்யாணப் பந்தி வரை வந்து முன்னால் உட்காரும். நுன்சியோவுக்கு அந்த வாரமே விழுந்துவிட்டது. ‘வேண்டாம்’! அதுதான் பெயர். சந்தையில் ‘வேண்டாம்’. தெருவில் ‘வேண்டாம்’. கால்பந்துத் திடலில் பந்து அவர் காலுக்குப் போனால் ஊரே சேர்ந்து ‘வேண்டாம்!’

அசுந்தா அக்கா, கூட்டம் கலைந்த பிறகுதான் ரொட்டி வாங்க வருவார். “அக்கா, சூடா வேணுமா?” என்று ஒருநாள் கேட்டேன். “எது மிச்சமோ அதைக் குடும்மா” என்றார். நுன்சியோ தூரின் நகரில் இருக்கும் தாய்மாமன் பட்டறைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. “மேல இருக்கறதை இனிமே நிமிர்ந்துகூட பாக்க மாட்டேங்கறான்” என்றார்.

மறுநாள் மதியம், பான்ஃபிலோ அண்ணன் கடைக்கு ரொட்டி கொண்டுபோயிருந்தேன். கடை நிறையக் கூட்டம். நுன்சியோ ஓரமாக நின்று காபி கேட்டார். பான்ஃபிலோ அண்ணன், கல்லைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, “காபி போடலாமா, வேண்டாமா?” என்றார். கடை குலுங்கியது. நுன்சியோ சிரிக்க முயன்றார். முடியவில்லை.

அப்போது உள்ளே வந்தார் இன்ஜினியரம்மா. கையில் ஒரு பெரிய கிண்ணம். கிண்ணம் நிறைய மிட்டாய். சர்க்கரை பூசிய பாதாம், சிவப்பு! கல்யாணத்துக்கு வெள்ளை, பட்டம் வாங்கினால் சிவப்பு. உங்களுக்கா சொல்ல வேண்டும்?

“என்ன இன்ஜினியரம்மா, யார் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம்?” என்றார் பான்ஃபிலோ அண்ணன்.

“நுன்சியோவுக்கு.”

“அவன் பட்டம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சே!”

“அது பல்கலைக்கழகம் குடுத்தது. இது நான் குடுக்கறது.”

நுன்சியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்களுமா கேலி பண்றீங்க? நான் சொன்னது தப்பு. ஒண்ணுமே இல்லாததுக்கு எல்லாத்தையும் நிறுத்திட்டேன்.”

“தப்புதான்” என்றார் அவர். “இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நல்ல வாய்ப்பு ஒண்ணு போச்சு. எனக்கு ராத்திரி தூக்கமும் போச்சு. ஆனா கண்ணுல பட்டதை நீ முழுங்கல. ஊரே பாக்கும்போது சொன்ன. அதுக்குத்தான் இது. எடு.”

பான்ஃபிலோ அண்ணன் விடுவாரா? “அப்போ தப்பு பண்ணினா மிட்டாயா? நாளைக்கு நான் காபியில உப்பு போடறேன், எனக்கும் ஒரு கிண்ணம் உண்டா?”

“உப்புன்னு சந்தேகம் வந்ததும், குடிக்கிறவன் கையைப் பிடிச்சு நிறுத்து. அது சர்க்கரையாவே இருந்தாலும் உனக்கு ரெண்டு கிண்ணம்!”

கடையில் மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. இன்ஜினியரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “நல்லா கேட்டுக்கோங்க. இவனைச் சிரிச்சே துரத்திட்டீங்கன்னா, அடுத்த தடவை என் அறையில ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அத்தனை பேரும் ‘போகலாம், போகலாம்’னு சொல்லுவாங்க. நானும் சந்தோஷமா போயிடுவேன், நேரா பள்ளத்துக்கு.”

முதலில் கை நீட்டியவர் யார் தெரியுமா? கேலி செய்த அதே பான்ஃபிலோ அண்ணன். ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டு, கடகடவென்று கடித்துவிட்டு, காபியை நுன்சியோ பக்கம் தள்ளினார். “குடிடா. ஆறிடும்.” எழுந்து நின்று வணக்கம் சொல்லுங்கள் அண்ணா, ஊர் உங்களையும் பார்க்கட்டும்!

நுன்சியோ தூரினுக்குப் போகவில்லை. கடையின் மூலையில், கோப்பையில் முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாத பெண் ஜெம்மா.

வந்தது இரண்டாம் நாள். கடைசி நாள்! மறுபடி திரை கட்டினோம். ஆனால் இந்த முறை யாரும் கனல் மூட்டவில்லை. பாண்டுக்காரர்கள் வாத்தியங்களை உறையிலிருந்தே எடுக்கவில்லை. தாய்மார்கள் செபமாலையைக் கையில் வைத்திருந்தார்கள். எரிக்கும் நேரத்தையும் திசையையும் மாற்றிவிட்டோம் என்று நம்பி, கட்டளையை ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். ஒத்திகை பார்த்தார்கள், சரி. மறு ஒத்திகை, அதுவும் சரி. கலம் தன் முதுகைத் திருப்பி என்ஜினை நீட்டி நின்றது. கீழே இருந்து கடைசியாக ‘எரி’ என்று சொன்னால் போதும். நாம் சொல்வது அங்கே போய்ச் சேரவே கால்மணி நேரம். எனவே யோசிக்க நேரம் கொஞ்சம்தான்.

“திசை?” என்றார் இன்ஜினியரம்மா.

ஜெம்மா தன் திரையில் எதையோ மறுபடி மறுபடி ஒப்பிட்டாள்.

“திசை?”

அறையே அவளைப் பார்த்தது. சதுக்கமே அவளைப் பார்த்தது. மறுபடியுமா? இன்றுமா? இனி இன்னொரு நாள் இல்லையே! எனக்கு அருகில் ஒருவர், “ஐயோ, போகலாம்னு சொல்லித் தொலையேன்டி” என்று முனகியது இன்னும் காதில் இருக்கிறது.

“வேண்டாம்” என்றாள் ஜெம்மா. குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. பிறகு குரலும் வந்தது. “வேண்டாம்!”

“என்ன பாக்கற?”

“நட்சத்திரம். கலம் இப்போ பாக்கற நட்சத்திரத்தையெல்லாம் நான் போன தடவையும் பாத்தேன். அதே நட்சத்திரம். ரெண்டு வாரம் ஆச்சு, திசை மாறியிருக்கணும். மாறல.”

“ஒத்திகையில சரின்னு வந்துச்சே?”

“ஒத்திகைக்கும் அதே திசை எண்ணைத்தான் போட்டோம். தப்பான எண்ணைத் தப்பான எண்ணோட ஒப்பிட்டா, சரின்னுதான் வரும்.”

கேட்டீர்களா? நேரத்தைப் புதிதாக மாற்றியவர்கள், திசையை மட்டும் பழையதாகவே விட்டுவிட்டார்கள்! எரித்திருந்தால் ஓநாய்க்குட்டி கல்லைவிட்டு வேறு பக்கம் பாய்ந்திருக்கும்.

“அந்த எண்ணை யார் போட்டது?” என்றார் இன்ஜினியரம்மா.

ஜெம்மா அவரை நேராகப் பார்த்தாள். “நீங்க.”

அப்போது இன்ஜினியரம்மா என்ன செய்தார்? கத்தினாரா? “என்னையா சொல்ற?” என்று சீறினாரா? அன்றும் பக்கத்தில் இருந்த அந்த ரோமாபுரிப் பெரிய மனிதரிடம் காரணம் சொன்னாரா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெம்மாவின் மேசையில் உட்கார்ந்தார்.

“அப்போ திருத்தறதும் நான்தான். நுன்சியோ, நீ வந்து பக்கத்துல நில்லு. நான் அடிக்கிற ஒவ்வொரு எண்ணையும் சரிபார். என்னை நம்பாதே.”

“நம்ப மாட்டேன், இன்ஜினியரம்மா!” என்றார் நுன்சியோ.

அந்தப் பதற்றத்திலும் அறை சிரித்தது. சிரித்துக்கொண்டே திருத்தினார்கள். ஜெம்மா நட்சத்திரத்தைச் சொல்ல, நுன்சியோ எண்ணைச் சரிபார்க்க, தலைவி தட்டச்சுச் செய்தார். திருத்தியது பறந்தது. கலம் மெல்லத் திரும்பியது. புது நட்சத்திரங்கள் வந்தன. மறுபடி முதல் கேள்வி ஜெம்மாவுக்கு.

“திசை?”

“போகலாம்!”

பேசாத பெண்ணின் அந்த ஒரு சொல், சதுக்கத்துத் தூண்களில் பட்டு எதிரொலித்தது. பிறகு காத்திருந்தோம். ‘எரி’ என்ற சொல் போய்ச் சேர, ‘எரித்துவிட்டேன்’ என்ற சொல் திரும்பி வர, காத்திருந்தோம். தந்தை பெரார்தோ கண்ணை மூடிக்கொண்டார். அசுந்தா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் வலித்தது, விடவில்லை. திரையில் ஒரு கோடு வளைந்தது. வளைய வேண்டிய இடத்தில், வளைய வேண்டிய அளவுக்கு வளைந்தது! கல்லை வலம் வரத் தொடங்கியது நம் ஓநாய்க்குட்டி! கத்தினோம், கட்டிப்பிடித்தோம், கண்ணீர் விட்டோம். உறையிலிருந்து எடுக்க நேரமில்லாமல் ஒருவர் எக்காளத்தை உறையோடு ஊதினார்!

அன்று மாலை செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “தவறு யாருடையது?” என்றார்கள். “என்னுடையது” என்றார் தலைவி. “கண்டுபிடித்தது?” என்றார்கள். “இவள்” என்று ஜெம்மாவை முன்னால் தள்ளினார். “உங்க தலைவியையே தடுத்தீங்களே, எங்கிருந்து வந்துச்சு இவ்வளவு துணிச்சல்?” என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

ஜெம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். “துணிச்சலெல்லாம் ஒண்ணுமில்ல. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா தப்பா சொன்னாக்கூட இவங்க கடிக்க மாட்டாங்கன்னு தெரியும். நுன்சியோவைக் கடிக்கலையே.”

பெரியோர்களே! தாய்மார்களே! தலைமையைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றனவாம். நான் படித்ததில்லை. என் கண்ணால் கண்டது இவ்வளவுதான். சரியாகச் சொன்னவரைப் பாராட்ட யாராலும் முடியும். கடைத்தெருவில் போகிறவரும் பாராட்டுவார். தவறாகத் தடுத்தவரைத் தலைநிமிர வைக்க யாரால் முடியும்? நட்டம் தன் தலையில் விழுந்த பிறகும், “அடுத்த முறையும் சொல்” என்று யாரால் சொல்ல முடியும்? நுன்சியோவின் தவறான ‘வேண்டாம்’ மதிக்கப்பட்டதால்தான் ஜெம்மாவின் சரியான ‘வேண்டாம்’ பிறந்தது. முதலாவதை மிதித்திருந்தால் இரண்டாவது முளைத்திருக்காது!

சங்கத்துப் பெரியவர்களே, நாளை உங்கள் கூட்டத்தில் யாரோ ஒருவர் கையைப் பாதி தூக்குவார். முழுதாகத் தூக்கவிடுங்கள். பாண்டுத் தலைவரே, “தாளம் தப்புது” என்று உங்கள் கடைசி வரிசை சொன்னால், கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அப்பாக்களே, அம்மாக்களே, உங்கள் பிள்ளை ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று தயங்கித் தயங்கி, “அம்மா, எனக்கு என்னவோ சரியாப் படல” என்று சொல்லும். அது சொல்வது தவறாகவே இருக்கலாம். அன்று நீங்கள் சிரித்தால், அது மெய்யாகவே ஆபத்தைக் காணும் நாளில், வாய் மூடிக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சிரிக்காதீர்கள்! தயவுசெய்து சிரிக்காதீர்கள்!

அடுத்த வாரம் நிலையத்தின் தலைமை நாற்காலியில் உட்காரப்போகிறவர், நம் அசுந்தா அக்காவின் மகன் நுன்சியோ! அக்கா, எழுந்திருங்கள். அழாதீர்கள், எழுந்திருங்கள். கூட்டம் கலையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கூட்டத்தின் நடுவிலேயே நில்லுங்கள்! ஊரே, கைதட்டு! இன்னும்! சமவெளியில் இருக்கும் அந்தத் தட்டுகளுக்கே கேட்கட்டும்!

இன்னும் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இன்ஜினியரம்மா சந்திரனுக்குப் போன கருவியைத் திட்டியே எழுப்பிய கதை இருக்கிறது, அவர்... என்ன இன்ஜினியரம்மா? என்ன சைகை அது?

“போதும்மா! இதுக்கு மேல வேண்டாம்!”

கேட்டீர்களா எல்லோரும்? இத்தனை நேரம் பேசிவிட்டு இதைக் கேட்காமல் போனால் நான் பேசியதற்கு என்ன அர்த்தம்? ஊர்த்தலைவி அவர்களே, மணியைக் கீழே வைத்துவிடுங்கள். நிறுத்திவிட்டேன்.

கேட்ட செவிகளுக்கும், காத்திருக்கும் இரவுணவுக்கும், இந்த மேடையை எனக்குக் கொடுத்த பெரிய மனங்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.